நனைந்தது யார் நெல்?

தாம்பரம் என்றவுடன் நம்மில் அநேகருக்கு ஞாபகம் வருவது ரயில்தான். 1931-ஆம் வருஷம் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல், சென்னைப் பட்டணத்தின் தெற்கு வாசல் என்று அந்த ஊருக்குப் பேராகிவிட்டது. ரயிலுக்கு முன்பே க்ஷயரோக ஆஸ்பத்திரி வந்திருந்தது. 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டு அங்கே குடிபோயிற்று. ஆகாய விமானப் படை வந்தது. 2021-ல் மாநகராட்சி என்ற பட்டமும் கிடைத்தது. இவ்வளவும் வந்து சேர்ந்த இடத்தைச் சுற்றி இன்னும் நெல் விளைகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். "அரிசி சூப்பர் மார்க்கெட்டில் அல்லவா சார் கிடைக்கிறது?" என்று என் வகுப்பிலேயே ஒரு பையன் கேட்டான். அவன் குற்றமல்ல. அவன் ரயிலைப் பார்த்திருக்கிறான்; ரயிலடிக்கு நாலு மைலுக்கு அப்பால் இருக்கும் களத்துமேட்டைப் பார்த்ததில்லை.

ஊர்களின் பேரைச் சொல்லிப் பாருங்கள். சேலையூர், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏரி உண்டு. ஏரி இருந்தால் மதகு. மதகு இருந்தால் ஆயக்கட்டு. ஆயக்கட்டு இருந்தால் நெல். செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. நகரம் வளர வளர ஆயக்கட்டில் வீடு வந்தது. சில இடங்களில் ஏரிக்குள்ளேயே வீடு வந்தது. ஆனாலும் மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டி மணிமங்கலம், சோமங்கலம், படப்பைப் பக்கமும், கிழக்கே அகரம்தென் முதலிய கிராமங்களிலும் பச்சை இன்னும் மிச்சமிருக்கிறது. "மனைகள் விற்பனைக்கு" என்ற பலகைக்கும் அடுத்த பலகைக்கும் இடையே நாற்று நட்டிருக்கும் காட்சியை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் காணலாம்.

இந்தப் பச்சையின்மேல் வெள்ளம் வந்தால் என்ன நடக்கிறது, சர்க்கார் என்ன கொடுக்கிறது, அது யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியே இங்கே எழுதப் போகிறேன்.

2015-ஆம் வருஷத்து டிசம்பர் முதல் தேதியை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்தபோது, இருபத்து நாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது; செம்பரம்பாக்கத்தில் 47. அடையாறு கரை மீறியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு ஓடிய படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அதே அடையாற்றுக்குத் தண்ணீர் தரும் மேட்டு ஏரிகளின் கீழே, கதிர் வாங்கும் சமயத்தில் மூழ்கிக் கிடந்த சம்பாப் பயிரின் படம் வந்ததாக எனக்கு நினைவில்லை. மூழ்கின பயிர் படத்துக்கு அழகாக இராது. வெறும் தண்ணீராகத்தான் தெரியும்.

எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தது. மூன்றாம் தேதியும் நாலாம் தேதியும் சென்னையைச் சுற்றியே நின்று கொட்டிவிட்டு, ஐந்தாம் தேதி ஆந்திர தேசத்தில் பாபட்லாவுக்கு அருகே கரை ஏறிற்று. (நம் வீடுகளில் "பாபட்லா அரிசி" என்று வாங்குகிறோமே, அந்த நெல்லைப் பிறப்பித்த ஊர் அதுதான். பிறந்தகத்துக்குப் போகிற வழியில் நம் வயலை அழித்துவிட்டுப் போன புயல் என்று சொல்லலாம்.)

அந்தப் புயலுக்குப் பிறகு சர்க்கார் இரண்டு விதமான உதவி அறிவித்தது. ஒன்று குடும்பங்களுக்கு. சென்னை முழுவதும், செங்கல்பட்டு ஜில்லாவில் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் தாலுகாக்கள் முழுவதும், காஞ்சீபுரம் ஜில்லாவில் குன்றத்தூர் தாலுகா முழுவதும், இன்னும் சில இடங்களிலும், குடும்பத்துக்கு 6,000 ரூபாய். ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ரொக்கமாகவே கையில் தந்தார்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் முதலிய சிலரைத் தவிர, பெரும்பாலோருக்கு ரேஷன் அட்டை ஒன்றே போதுமானதாக இருந்தது. உன் வீட்டில் தண்ணீர் எத்தனை அடி நின்றது, எந்தச் சாமான் கெட்டது என்ற விசாரணை இல்லை. நாலாவது மாடியில் குடியிருந்து, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டவர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெள்ளம் வடியாத தெருவில் வீடு வீடாகப் போய்ச் சேதத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தால், பணம் கிடைப்பதற்குள் பொங்கல் வந்திருக்கும். அவசரத்தில் நம்பிக் கொடுப்பதே நல்லது.

இரண்டாவது உதவி பயிர்களுக்கு. பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு அதுவரை 13,500 ரூபாயாக இருந்ததை 17,000 ஆக்கினார்கள். பல வருஷப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500. மானாவாரிக்கு 8,500. ஆனால் இங்கே ரேஷன் அட்டை செல்லாது. பயிரில் 33 சதத்துக்குக் குறையாமல் சேதம் ஆகியிருக்க வேண்டும். அதைக் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை இலாகா அலுவலரும் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், பாங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும்.

நகரத்துக்கு நம்பிக்கை, வயலுக்கு அத்தாட்சி. ஒரே புயல், ஒரே தாலுகா, ஒரே கஜானா. இந்த வித்தியாசம்தான் என்னை இந்த விஷயத்தைத் துருவிப் பார்க்கத் தூண்டிற்று.

முதலில் தொகையைப் பார்ப்போம். ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். 17,000 ரூபாயை ஏக்கர்க் கணக்காக்கினால் 6,880 ரூபாய். ஒரு சென்டுக்கு 69 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பருவத்தில் சர்க்கார் கொள்முதல் விலை, தமிழ்நாட்டு ஊக்கத் தொகையையும் சேர்த்து, சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,265 ரூபாய். 75 கிலோ மூட்டை என்றால் சுமார் 1,700. ஆகவே ஒரு ஏக்கர் நெல் அடியோடு போனவனுக்குக் கிடைப்பது நாலு மூட்டையின் விலை. நன்றாக விளைந்தால் அதே ஏக்கரில் இருபது, இருபத்தைந்து மூட்டை காணலாம். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 87 சென்டுக்குக் குறைந்த நிலத்தில் பயிர் செய்தவனுக்கு, பயிர் முழுவதும் அழிந்ததற்காகக் கிடைத்ததைவிட, ரேஷன் கடையில் கிடைத்த 6,000 ரூபாய் பெரிது. பட்டணத்தை ஒட்டிய கிராமங்களில் பலருடைய சாகுபடி அந்த அளவுக்குள்தான் இருக்கிறது.

சர்க்கார் இதை நஷ்ட ஈடு என்று ஒருபோதும் சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தஸ்தாவேஜுகளில் இதற்குப் பேர் இடுபொருள் மானியம். விதை, உரம், உழவு ஆகியவற்றில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்து, அடுத்த பயிரைத் தொடங்க ஒரு கை கொடுப்பது என்பதே நோக்கம். பேரிடர் நிவாரண நிதியில் நூற்றுக்கு 75 ரூபாய் மத்திய சர்க்காருடையது, 25 மாநிலத்துடையது. அந்த நிதியிலிருந்து கொடுப்பதற்கு வகுத்த விதிகளில் இரண்டு ஹெக்டேர் என்ற உச்ச வரம்பும் உண்டு. அதற்குமேல் கொடுக்க மாநிலத்துக்கு மனம் வந்தால் தன் கைப்பணத்தைப் போட்டுக் கொடுக்கலாம்.

மனம் சில சமயம் வருகிறது. நிவர், புரெவி என்ற இரண்டு புயல்கள் 2020 கடைசியில் வந்தபோது, 13,500-க்குப் பதில் 20,000 ரூபாய் என்றும், இரண்டு ஹெக்டேர் வரம்பு கிடையாது என்றும் 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அதே ஏப்ரலில் தேர்தல் நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம். 2023 பிப்ரவரியில் தஞ்சாவூர் பக்கம் பருவம் தவறிய மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தபோதும் 20,000 கொடுத்தார்கள். அதே 2023-ல், பத்து மாதம் கழித்து, நம் பக்கத்து நெல்லுக்கு 17,000! காவிரித் தண்ணீர் குடித்த நெல்லுக்கும் ஏரித் தண்ணீர் குடித்த நெல்லுக்கும் உரத்தின் விலை ஒன்றுதானே? அறுவடைக்கு நின்ற பயிருக்கு முழுச் செலவும் செய்தாகிவிட்டது, பூத்த பயிருக்கு அவ்வளவு ஆகவில்லை என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். அப்படியானால் பயிரின் வயசுக்குத் தக்கபடி தொகை என்று விதியிலேயே எழுதிவிடலாமே. அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுகிற தொகையை நம்பி யாரும் கடன் வாங்க முடியாது.

இந்த 33 சதத்தின் கதை சுவையானது. அதற்காக நாம் குஜராத்துக்குப் போக வேண்டும்.

1917-ல் கேடா ஜில்லாவில் அளவுக்கு மிஞ்சிய மழை பெய்து பயிர்கள் அழுகிப் போயின. அந்தக் காலத்தில் விளைச்சலை ரூபாய் அணாக் கணக்கில் சொல்வார்கள். முழு விளைச்சல் பதினாறு அணா. பாதி விளைச்சல் எட்டணா. நாலணாவுக்கு மிஞ்சாமல் விளைந்தால் அந்த வருஷத்துத் தீர்வையை முழுவதும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சர்க்காருடைய சொந்த விதி. நாலணாவுக்கும் குறைவுதான் என்று குடியானவர்கள் சொன்னார்கள். இல்லை, நாலணாவுக்கு மேல் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பொதுவான ஒருவரை வைத்து விசாரியுங்கள் என்று கேட்டதற்கும் சர்க்கார் இணங்கவில்லை. 1918 மார்ச்சில் மகாத்மா காந்தி நடியாதில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். வக்கீல் தொழிலில் செழிப்பாக இருந்த வல்லபாய் படேல் அவருடன் கிராமம் கிராமமாக அலைந்தார். பிற்காலத்துச் சர்தார் உருவானது அந்த வயல் வரப்புகளில்தான். ஜூன் மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. வசதியுள்ளவர்கள் கட்டுவது, ஏழைகளுக்கு நிறுத்தி வைப்பது என்று முடிந்தது.

அன்று பதினாறு அணாவில் பன்னிரண்டு அணா போனால்தான் சர்க்கார் இரங்கும். சுதந்திரத்துக்குப் பின் வந்த நிவாரண விதியில் அது 50 சதமாக, அதாவது எட்டணாவாக, இருந்தது. 2015 ஏப்ரலில் 33 சதமாகக் குறைத்தார்கள். அதாவது ஐந்தே கால் அணா போனாலே உதவி உண்டு. இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கேடாவில் தகராறு வந்தது விதியின்மேல் அல்ல, அளக்கிற கண்ணின்மேல். அந்தத் தகராறு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நெற்பயிரின் சுபாவத்தைக் கொஞ்சம் சொன்னால் இது விளங்கும். நம் ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவங்கள். சம்பா கார்த்திகையில் பூக்கிறது. நெற்பூ முற்பகலில் சிறிது நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் விடாமல் மழை அடித்தால் மகரந்தம் கரைந்து போகும். தண்ணீர் வடிந்த பின் பயிர் நிமிர்ந்து பச்சைப் பசேலென்றே நிற்கும். அப்போது வந்து பார்க்கிற அதிகாரி, மனச்சாட்சி உள்ளவராகவே இருந்தாலும், "பயிருக்கு ஒன்றும் மோசமில்லையே" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். மூன்று வாரம் கழித்துக் கதிரைக் கையில் எடுத்தால் பாதிக்குமேல் பதர். அதற்குள் கணக்கு மேலே போயிருக்கும்.

கீரைக்காரன் கதி இதைவிட மோசம். குன்றத்தூர், மணிமங்கலம் பக்கத்திலிருந்து தினந்தோறும் நம் வாசலுக்கு வருகிற சிறுகீரையும் அரைக்கீரையும் இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வருபவை. வெள்ளம் வடிந்து பத்தாம் நாள் கணக்கெடுக்க வந்தால், அழுகிய கீரைக்குப் பதில் வெறும் சேறுதான் இருக்கும். அல்லது அவன் மறுபடி விதைத்து முளைத்தே இருக்கும். முளைத்ததைக் காட்டி நஷ்டத்தை எப்படி நிரூபிப்பது? சும்மா இருந்தால் நிவாரணம், சுறுசுறுப்பாக இருந்தால் இல்லை என்று ஆகிறது.

"இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் செய்துகொள்வதுதானே?" என்று படித்தவர்கள் கேட்பது இயல்பு. கேள்வி நியாயமானது. இந்த யோசனை மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்றும் எண்ண வேண்டாம். மைசூர் சமஸ்தானத்தில் இருந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர், மழையின் அளவை வைத்தே பயிருக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கலாம் என்று இந்திய நிலைமைக்கேற்ற திட்டம் ஒன்றை வகுத்து 1920-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அமெரிக்க சர்க்கார் பயிர் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஆரம்பித்தது அதற்குப் பதினெட்டு வருஷம் பின்னால், 1938-ல். நம் தேசத்தில் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 1985-லும், தேசிய வேளாண்மைக் காப்பீடு 1999-லும், இப்போது நடக்கிற பிரதம மந்திரி பயிர்க் காப்பீடு 2016-லும் வந்தன.

இதில் கட்ட வேண்டிய பிரீமியம் அதிகமில்லை. குறுவை போன்ற காரிஃப் பயிருக்கு நூற்றுக்கு 2 ரூபாய். சம்பா போன்ற ராபிப் பயிருக்கு ஒன்றரை. தோட்டப் பயிர், பணப் பயிர்களுக்கு 5. ஏக்கருக்கு 36,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் சம்பாவுக்குக் கட்ட வேண்டியது 540. மீதியை இரண்டு சர்க்கார்களும் போட்டுக்கொள்கின்றன. ஒரு ஜோடி செருப்பு விலைக்கு இவ்வளவு பாதுகாப்பு என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பணம் கொடுப்பது தனி வயலைப் பார்த்து அல்ல. வருவாய்க் கிராமம் முழுவதற்கும் சில இடங்களில் அறுத்துப் பார்த்துச் சராசரி காண்கிறார்கள். அந்தச் சராசரி முன் வருஷங்களின் அளவைவிடக் குறைந்தால்தான் கிராமத்தாருக்குப் பணம். மேட்டு வயல் தப்பித்து, பள்ளத்து வயல் மூழ்கினால் சராசரி கெடாது. பள்ளத்துக்காரன் மட்டும் கெடுவான். தாம்பரத்தைச் சுற்றி இது அடிக்கடி நடக்கக்கூடியது. போக்குக் கால்வாயின்மேல் ஒரு நகர் எழும்பினால், அதற்குப் பின்னால் இருக்கிற ஐந்து வயல்களில் மட்டும் பத்து நாள் தண்ணீர் நிற்கும். கிராமத்தின் மற்ற ஐம்பது வயல்களுக்கு ஒன்றுமில்லை. கடன் வாங்கினால் கட்டாயம் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் 2020-ல் போய்விட்டது. இஷ்டமிருந்தால் சேரலாம் என்றான பின், ஒரு முறை கட்டி ஒன்றும் வராதவன் மறுமுறை கட்டுவதில்லை. பல மாவட்டங்களில் சம்பாவுக்குக் கெடு நவம்பர் நடுவில் முடிகிறது. நம் பக்கத்துப் பெரும் புயல்கள் அதற்குப் பிறகு வருகின்றன. அதற்குள் முடிவு செய்யாதவனுக்கு வாசல் அடைத்தாயிற்று.

கீரை, பூ போன்றவற்றில் எத்தனையோ பயிர்கள் எங்கள் பக்கத்துக்கான அறிவிப்புப் பட்டியலில் ஏறுவதே கிடையாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கிடைக்காத பயிர்களுக்கென்றே 1994-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் தனியாக ஓர் உதவித் திட்டம் வைத்தார்கள். விதைக்கும் முன்பே கொஞ்சம் கட்டணம் கட்டிப் பேரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாதிக்குமேல் விளைச்சல் போனால், சந்தை விலையில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து வீதம் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். தாராளம் என்று சொல்ல முடியாது. ஆனால் யார், எங்கே, எதை விதைத்தார்கள் என்பது வெள்ளத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. நம் ஊரில் வெள்ளம் வடிந்த பின்புதான் அந்தக் கேள்வியே பிறக்கிறது.

அந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவனின் பாட்டனார், மணிமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பயிர் செய்கிறவர். ஒன்றேகால் ஏக்கர். நிலம் அவருடையதல்ல. பட்டாதாரர் நகரத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். என்றாவது மனையாக்கி விற்கலாம் என்று வாங்கிப் போட்டிருக்கிறார். அதுவரை முள் முளைக்காமல் இருக்கட்டும் என்று பெரியவரிடம் விட்டிருக்கிறார். குத்தகை வாய்ப்பேச்சுத்தான், அறுவடைக்கு இத்தனை மூட்டை என்று கணக்கு. 2023 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தேன். நிவாரணம் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சாம் வாத்தியாரய்யா. நிலத்துக்காரங்க பேங்கிலே விழுந்துச்சாம்" என்றார்.

"உங்களுக்கு ஏதாவது கொடுத்தாரா?"

"நல்ல மனுசருங்க அவரு. அந்தப் போகத்துக் குத்தகை நெல்லை வேணாம்னு சொல்லிட்டாரு. நெல்லே இல்லியே, எதைக் கேப்பாரு?" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார்.

அவர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதை வாங்கியவர் அவர். உரத்துக்கும் நடவுக்கும் கடன் பட்டவர் அவர். இடுபொருளே போடாதவருக்கு இடுபொருள் மானியம் போயிருக்கிறது. இதில் யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். நிவாரண விதியும் "விவசாயி" என்றே சொல்கிறது. நிலச் சொந்தக்காரர் என்று சொல்லவில்லை. ஆனால் விவசாயி யார் என்று கேட்டால், காட்டுவதற்குக் கையில் இருக்கிற காகிதம் பட்டா ஒன்றுதான்.

இதன் வேர் பழைய காலத்தில் இருக்கிறது. சென்னை ராஜதானியில் ரயத்துவாரி முறை நடந்தபோது, பயிர் கெட்டால் சர்க்கார் பணம் கொடுப்பதில்லை. தீர்வையைத் தள்ளிக் கொடுக்கும். அதற்கு வஜா என்று பேர். "சாவி", "பலநஷ்டம்" என்றெல்லாம் கர்ணம் கணக்கில் தலைப்புகள் இருந்தன. ஜமாபந்தியில் அதைத் தீர்மானிப்பார்கள். தீர்வை கட்டுகிறவர் பட்டாதாரர். ஆகவே தள்ளுபடியும் அவருக்கே என்பது அன்று முற்றிலும் நியாயம். பிறகு காலம் மாறிற்று. கர்ணம் உத்தியோகமே 1980-ல் எடுபட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தீர்வை இன்று பேருக்கு இருக்கிறது. சர்க்கார் வாங்குவதை நிறுத்திக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் கொடுப்பதற்கும் வரி வாங்கின பழைய விலாசத்தையே வைத்துக்கொண்டிருக்கிறது. 2019 முதல் வருஷத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்துவருகிற பிரதம மந்திரி கிஸான் உதவியும் நிலம் தன் பேரில் உள்ளவர்களுக்கு மட்டுமே.

குத்தகைக்காரரைப் பதிவு செய்யச் சட்டம் இல்லாமலில்லை. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லும், குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-லும் தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை. நல்ல எண்ணத்துடன் செய்தவைதாம். ஆனால் ஒருவர் பேரைப் பதிந்துவிட்டால் பிறகு நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்ற பயம் சொந்தக்காரர்களுக்குப் பிடித்துக்கொண்டது. சென்டு லக்ஷக்கணக்கில் விலை போகிற பட்டணத்து ஓரத்தில் அந்தப் பயம் இரட்டிப்பு. அதனால் பதிவும் இல்லை, சீட்டும் இல்லை. சில இடங்களில் வருஷத்துக்கு வருஷம் ஆளை மாற்றிவிடுகிறார்கள். உழுபவரைக் காப்பாற்றச் செய்த சட்டத்தைக் கண்டு பயந்து, உழுபவரின் பேரையே எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அதிகாரிகள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் நாலு நாளில் ஊர் முழுவதும் சுற்றிக் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. அதே நாலு நாளில் முகாமில் சாப்பாடும் போட வேண்டும், இடிந்த வீட்டையும் எண்ண வேண்டும். காகிதமில்லாமல் "நான்தான் பயிர் செய்தேன்" என்று சொல்பவரையெல்லாம் நம்பினால், ஒரு வயலுக்கு மூன்று பேர் வருவார்கள். பின்னால் தணிக்கை வந்து கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 2024-ல் வயல் வயலாகப் போய்ச் செல்போனில் பயிரைப் பதிகிற கணக்கெடுப்புக்கு வேளாண்மைக் கல்லூரி மாணவர்களையே அனுப்பிப் பார்த்தார்கள். எந்த வயலில் என்ன பயிர் என்பதை அது சொல்லும். யார் பயிர் என்பதைக் கேட்டுப் பதிந்தால்தான் தெரியும்.

பக்கத்து ஆந்திர தேசத்தில் 2019-ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். பதினொரு மாதத்துக்கு ஒரு சிறு ஒப்பந்தம். சொந்தக்காரரும் பயிரிடுகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதனால் நிலத்தில் எந்தப் பாத்தியதையும் பிறக்காது என்று சட்டமே உறுதி கூறுகிறது. அந்தச் சீட்டு உள்ளவர் பயிர்க் கடன் கேட்கலாம், காப்பீட்டில் சேரலாம், வெள்ள நிவாரணம் வாங்கலாம். நகரத்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பதினொரு மாதச் சீட்டு எழுதுகிறார்களே, ஏறக்குறைய அதே தந்திரந்தான். கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பது அதன் பலவீனம். ஆனாலும் பயத்துக்கு ஒரு மருந்து அதில் இருக்கிறது. ஒடிஸாவில் 2018 கடைசியில் ஆரம்பித்த காலியா என்ற திட்டத்தில் வாரக்குடிகளையும் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் சில, தாம்பரத்துக்கு மேற்கிலோ கிழக்கிலோ அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வாங்கிப் போட்டிருக்கக்கூடும். பிள்ளை கல்யாணத்துக்கு ஆகும், பெண் படிப்புக்கு ஆகும் என்று வாங்கியதாக இருக்கும், அதில் தவறில்லை. அந்த நிலத்தில் இந்த வருஷம் யார் நாற்று விட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா? சர்க்கார் புதுச் சட்டம் செய்கிற வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. அடங்கலில் பட்டாதாரர் பேரோடு, பயிர் செய்கிறவர் பேரை எழுதவும் இடமுண்டு. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அதற்கு வேண்டியது கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கிற அடங்கல் சான்று. "இந்தப் பசலியில் என் நிலத்தில் பயிரிடுகிறவர் இன்னார், நிவாரணம் வந்தால் அவருக்கே கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதி, சர்வே நம்பரும் போட்டு, அவரிடம் கொடுத்து அலுவலருக்கு அனுப்பலாம். காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அலுவலர் ஏற்றுக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் செய்ய மாட்டேன். ஆனால் இரண்டு பேர் ஒரே வயலைக் கேட்டு நிற்கிறபோது, சொந்தக்காரரின் கையெழுத்தே எழுதினபடி இருந்தால் அவருக்கும் வேலை சுலபம். அதற்கும் மனமில்லாவிட்டால், பாங்கியில் வந்து விழுந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறலாம்; தாம்பரத்திலிருந்து மணிமங்கலத்துக்கு அதிக தூரமில்லை.

பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது. சம்பாவுக்கு நாற்று விடுவது ஆவணியில். காகிதம் எழுதுவதானால் அதற்குள் எழுதிவிடுவது நல்லது. ஐப்பசி பிறந்துவிட்டால் அலுவலருக்கும் நேரமிராது, ஏரிக்கரைப் பாதையில் நடக்கவும் முடியாது.